லோம்போக் நிலநடுக்கத்துக்குப் பிறகு கிலித் தீவுகளில் டைவிங்: ஏப்ரலில் போகலாமா?

ராகவன்_கோவை | மார்ச் 12, 2019

வணக்கம். நானும் மனைவியும் ஏப்ரல் 13 கிளம்பி 22 திரும்புவதாக இந்தோனேசியாவின் கிலித் தீவுகளுக்கு (லோம்போக் கரையை ஒட்டிய டிராவங்கான், மேனோ, ஆயர் என்ற மூன்று சின்னத் தீவுகள்) டைவிங் போகத் திட்டம் போட்டிருக்கிறோம். கோலாலம்பூர் வழியாக லோம்போக்குக்கு டிக்கெட், போன ஜூலையில் சலுகை விலையில் கிடைத்ததும் யோசிக்காமல் எடுத்தது. எடுத்த கையோடு ஜூலை 29 அன்று அங்கே நிலநடுக்கம், ஆகஸ்ட் 5 அன்று அதைவிடப் பெரியது, 19ஆம் தேதி மறுபடியும் என்று செய்தி வந்துகொண்டே இருந்தது. கிலி டிராவங்கான் கடற்கரையில் ஆயிரக்கணக்கான சுற்றுலாப் பயணிகள் மூட்டை முடிச்சோடு படகுக்கு முண்டியடித்த வீடியோவை அம்மாவும் பார்த்துவிட்டார். செப்டம்பரில் பாலு சுனாமி, டிசம்பரில் கிரகடோவா சுனாமி என்று தொலைக்காட்சியில் ஓடியதெல்லாம் அவர் கணக்கில் ஒரே ஊர்தான். காசு போனால் போகட்டும், டிக்கெட்டைக் கேன்சல் பண்ணு என்று அன்றிலிருந்து ஒரே பாட்டு.

இருவரும் புதுச்சேரியில் ஓபன் வாட்டர் என்கிற ஆரம்பநிலை டைவிங் பயிற்சி முடித்தவர்கள், அந்தமானில் கொஞ்சம் முங்கியிருக்கிறோம், பெரிய அனுபவம் என்று சொல்ல முடியாது. டைவ் கடைகள் பழையபடி இயங்குகின்றனவா? பவளப்பாறைகள் உடைந்து கிடக்கின்றனவா? தண்ணீருக்குள் இருக்கும்போது நிலம் நடுங்கினால் என்ன ஆகும்? (கடைசிக் கேள்வி மனைவி கேட்கச் சொன்னது, எனக்கும் பதில் தெரியாது.)

இன்னொன்று, இதை எப்படிக் கேட்பது என்று புரியவில்லை. ஐந்நூறு பேருக்கு மேல் இறந்த இடத்துக்கு ஏழெட்டு மாதத்தில் உல்லாசப் பயணம் போவது சரிதானா? போனால் அவர்களுக்கு உதவி என்கிறார்கள் சிலர். அது நம் மனசைத் தேற்றிக்கொள்ளச் சொல்வதா, உண்மையிலேயே அப்படித்தானா?

---

கடல்நண்டு | மார்ச் 12, 2019

போங்கள் சார், தாராளமாகப் போங்கள். நான் ஜனவரியில்தான் போய்விட்டு வந்தேன்.

முதலில் அம்மாவுக்கு ஒரு வரைபடம் காட்டுங்கள். பாலு இருப்பது சுலவேசியில், லோம்போக்கிலிருந்து 900 கி.மீ.க்கு மேல். கிரகடோவா ஜாவாவுக்கும் சுமத்ராவுக்கும் நடுவில், அது 1,200 கி.மீ. தள்ளி. சென்னையில் வெள்ளம் என்றால் மும்பைக்காரனைக் கூப்பிட்டு விசாரிக்கிற கதைதான்.

டிராவங்கானில் டைவ் கடைகள் செப்டம்பர் வாக்கிலேயே ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டன. தெருவில் நடந்தால் அங்கங்கே கம்பி நீட்டிக்கொண்டிருக்கிற காலி மனை, பக்கத்திலேயே புதுப் பெயின்ட் அடித்த காப்பிக் கடை என்று கலவையாக இருக்கும். வண்டி வாகனம் கிடையாது, சிடோமோ என்கிற குதிரை வண்டியும் சைக்கிளும்தான், அதெல்லாம் பழையபடி. குளியலறைத் தண்ணீர் உப்புக் கரிக்கும், அது நிலநடுக்கத்துக்கு முன்பும் அப்படித்தானாம், ஷாம்பு நுரைக்கவில்லை என்று சண்டை போடாதீர்கள்.

டைவிங் பற்றி. நான் போனது மழைக்காலம், மேற்குக் காற்றில் படகு நன்றாகவே ஆடியது. ஆனாலும் ஷார்க் பாயின்ட் என்கிற டைவ் இடத்தில் எங்கள் படகைத் தவிர வேறு படகு இல்லை. முன்பெல்லாம் ஆமையைவிட அதைப் படம் பிடிக்கிற ஆள்தான் அதிகம் என்பார்கள். நான் பார்த்தபோது ஒரு பெரிய பச்சை ஆமை பாறை இடுக்கில் தலையைச் செருகிக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தது, அதன் முதுகு ஓட்டில் இரண்டு சின்ன மீன்கள் பாசியைக் கொத்திக்கொண்டிருந்தன, நாங்கள் சுற்றி வந்தும் ஒரு கண்ணைக்கூடத் திறக்கவில்லை. உங்கள் மனைவிக்கு ஆமை பார்க்க ஆசை இருந்தால் அதற்கு இங்கே பஞ்சமே இல்லை. மான்டா பாயின்ட் என்ற பெயரைப் பார்த்துவிட்டு மான்டா திருக்கை வரும் என்று மட்டும் ஏமாந்துவிடாதீர்கள். அபூர்வம்.

கிலி மேனோ பக்கம் கடலுக்கடியில் ஆள் உயரச் சிலைகள் வட்டமாக நிற்கும், 2017இல் ஜேசன் டிகேர்ஸ் டெய்லர் என்ற பிரிட்டிஷ் சிற்பி செய்து இறக்கியது, 48 உருவங்கள். நிலநடுக்கத்தில் போயிருக்கும் என்று நினைத்துத்தான் போனேன், நின்றுகொண்டிருக்கின்றன. சில மீட்டர் ஆழம்தான், சிலிண்டரே வேண்டாம், ஸ்நார்கல் என்கிற மூச்சுக்குழாய் போதும். காலையில் சீக்கிரம் போங்கள், பத்து மணிக்கு மேல் அங்கே மீனைவிடக் கால்கள்தான் அதிகம் தெரியும்.

---

முகில்வண்ணன் | மார்ச் 13, 2019

எல்லோரும் போ போ என்பதால் நான் மாற்றிச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

விமான நிலையத்திலிருந்து கிலிக்குப் படகேறுகிற பங்சால் துறைக்குப் போகிற வழியில்தான் பெமெனாங் வருகிறது. அதற்கு அப்பால் தான்ஜுங், காயாங்கான். நிலநடுக்கத்தில் தரைமட்டமான வட லோம்போக் ஊர்கள் இவை. தான்ஜுங் பக்கம் லாடிங்-லாடிங் கிராமத்தில் இரவுத் தொழுகை நடந்துகொண்டிருந்தபோதே பள்ளிவாசல் இடிந்து விழுந்தது. வீடிழந்தவர்கள் லட்சக்கணக்கில், அதில் பலர் இன்றைக்கும் தார்ப்பாய்க்கும் தகரத்துக்கும் கீழேதான் படுக்கிறார்கள். நீங்கள் ஏசி வண்டியில் அந்தத் தெரு வழியாகப் போய், படகேறி, ஒரு டைவுக்கு ஐந்து லட்சம் ரூபியா கொடுத்து (நம்மூர்க் காசில் ஏறக்குறைய 2,500 ரூபாய்) ஆமை பார்த்துவிட்டு, அதே வழியில் திரும்புவீர்கள். டைவ் கடைகளில் பலவற்றுக்கு வெளிநாட்டு முதலாளிகள். இதில் யாருக்கு உதவி? போவதானால் போங்கள், ஆசையாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போங்கள். உதவி என்ற வார்த்தையை நடுவில் இழுக்காதீர்கள், அவ்வளவுதான்.

---

தூத்துக்குடி_முத்து | மார்ச் 14, 2019

நான் கிலி ஆயரில் டைவ் மாஸ்டராக, அதாவது தண்ணீருக்குள் ஆட்களை வழிநடத்துகிறவனாக, வேலை பார்க்கிறேன். ஆகஸ்ட் 5 அன்றும் இங்கேதான் இருந்தேன். வேலை முடிந்து எழுத நேரமாகிவிட்டது.

முகில்வண்ணன் சொன்னதில் பாதி சரி. கிலித் தீவுகள் எழுந்த வேகத்தில் லோம்போக் கரை எழவில்லை. முழுதாக இடிந்த வீட்டுக்கு 5 கோடி ரூபியா, பாதி இடிந்ததற்கு 2.5 கோடி, லேசான சேதத்துக்கு 1 கோடி என்று அரசு அறிவித்தது. 5 கோடி என்றதும் மலைக்காதீர்கள், நம் காசில் இரண்டரை லட்சம்தான். அந்தப் பணமும் ஆய்வு, பட்டியல், குழு, கையெழுத்து என்று ஊர்ந்து ஊர்ந்துதான் வருகிறது. இன்னும் கைக்கு வராதவர்கள் எங்கள் கடையிலேயே இருக்கிறார்கள்.

ஆனால் யாருக்கு உதவி என்று கேட்டதற்கு என்னிடம் பதில் இருக்கிறது. எங்கள் படகோட்டி பெமெனாங்காரர். சிலிண்டர் தூக்குகிற பையன்கள் இருவர், கம்ப்ரசர் பார்ப்பவர், சமையல் அக்கா எல்லோரும் கரையிலிருந்து வருகிறவர்கள். இவர்களுக்கு மாதச் சம்பளம் சிறியது, டைவுக்கு வருகிற ஆள் கணக்கில் சேர்வதுதான் குடும்பத்தை ஓட்டும். ஒரு படகில் எட்டுப் பேர் போனால் ஒரு கணக்கு, இரண்டு பேர் போனால் ஒரு கணக்கு. ஆகஸ்டிலிருந்து நவம்பர் வரை படகு பெரும்பாலும் கட்டியே கிடந்தது. ஆகஸ்ட் மாதம்தான் இங்கே சீசனின் உச்சம், அந்த ஒரு மாதத்தில் சேர்ப்பதை வைத்துத்தான் மழைக்காலத்தை ஓட்டுவார்கள், அதுவே கையைவிட்டுப் போயிற்று. படகோட்டியின் செங்கல் வீடு முழுக்க விழுந்துவிட்டது, இப்போது மரச்சட்டமும் தகரமும் வைத்து ஓர் அறை போட்டிருக்கிறார். அவர் மனைவி இன்னும் கதவுக்கருகே அலமாரியில் காலி பாட்டில் ஒன்றைத் தலைகீழாக நிறுத்திவைத்துவிட்டுத்தான் தூங்குகிறார். அது விழுந்து சத்தம் கேட்டால் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வெளியே ஓட வேண்டும், அதற்குத்தான். அந்த அறைக்குச் சட்டம் வாங்கிய காசு டைவ் படகில் வந்தது. முதலாளி எந்த நாட்டுக்காரன் என்று படகோட்டியின் மனைவியிடம் போய்க் கேட்டால் சிரிப்பார்.

அதற்காக வருகிறவர்களெல்லாம் தர்மம் செய்ய வருகிறார்கள் என்று நானும் சொல்ல மாட்டேன். பழைய துணி மூட்டை கொண்டுவந்து கொடுத்துவிட்டு, பிள்ளைகளை வரிசையில் நிற்க வைத்துப் படம் எடுத்துப் போனவர்களையும் பார்த்தாயிற்று. தயவுசெய்து அது வேண்டாம். சாப்பாட்டை வாருங்கில் சாப்பிடுங்கள், அதாவது ஊர்க்காரர்கள் நடத்துகிற சின்னச் சாப்பாட்டுக் கடை. ஒரு தட்டுச் சோறு, மீன், சம்பல், கீரை. காரம் நம் ஆட்களுக்கே கண்ணில் தண்ணீர் வரும். முடிந்தால் கடைசியில் ஓர் இரவு கரையில் தங்குங்கள், பணம் அங்கேயும் கொஞ்சம் சேரட்டும்.

இனி டைவ் விஷயம். பவளப்பாறைக்கு நிலநடுக்கத்தால் பெரிய நாசம் இல்லை. சில சரிவுகளில் மணல் சறுக்கியதும், மேசை போல விரிந்து வளர்கிற பவளம் கவிழ்ந்து கிடப்பதும் தெரியும், கவனித்துப் பார்த்தால்தான். உண்மையில் இங்கே பவளத்தை அதிகம் அழித்தவை வேறு. 90களில் வெடி வைத்து மீன் பிடித்தார்கள், 1998லும் 2016லும் கடல் சூடாகிப் பவளம் வெளுத்தது, அப்புறம் கண்ட இடத்தில் நங்கூரம் போடுகிற படகுகள். ஆழமில்லாத இடங்களில் உடைந்த பவளம் எலும்புக் குவியலாகக் கிடப்பதைப் பார்த்தால் எல்லாம் நிலநடுக்கம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். 2004லிருந்து இரும்புச் சட்டங்களைக் கடலடியில் இறக்கி, மெல்லிய மின்சாரம் பாய்ச்சி, அதில் பவளம் வளர்க்கிறார்கள், பயோராக் என்று பெயர். டிராவங்கான் கரையோரம் நீந்தினாலே அந்தச் சட்டங்களைப் பார்க்கலாம். சிலவற்றில் கம்பியே தெரியாத அளவுக்கு மூடிவிட்டது.

ராகவன், உங்கள் தேதியைப் பற்றி இரண்டு விஷயம். ஏப்ரல் 17 இங்கே பொதுத்தேர்தல். பையன்கள் ஓட்டுப் போட ஊருக்குப் போவார்கள், அன்று படகு இருக்குமா என்று கடையில் முன்கூட்டியே கேளுங்கள். ஏப்ரல் 19 பௌர்ணமி. தீவுகளுக்கு நடுவே உள்ள கால்வாய்களில் பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி நீரோட்டம் கடுமையாக இருக்கும், சில இடங்களில் ஃபின் (காலில் மாட்டும் துடுப்பு) அடித்து எதிர்த்து நிற்கவே முடியாது, அதன் போக்கில்தான் போக வேண்டும். பழகியவர்களுக்கு அது கொண்டாட்டம். அந்தமானில் கொஞ்சம் முங்கியவர்களுக்கு முதல் நாளே அது வேண்டாம். மேனோ பக்கம் பவுன்டி என்று ஒரு மூழ்கிய மிதவை மேடை இருக்கிறது, 18 மீட்டருக்குள்தான், நல்ல நாளில் உங்களுக்கு அது சரியாக இருக்கும். ஷார்க் பாயின்ட்டிலும் ஆழமில்லாத பகுதி உண்டு. கடைசியாக டைவ் செய்த நாளிலிருந்து மாதக் கணக்கு ஆகிவிட்டது என்றால் வெட்கப்படாமல் சொல்லிவிடுங்கள், முதல் நாள் மாஸ்க்கில் தண்ணீர் விட்டு ஊதிப் பழகிவிட்டுப் போகலாம்.

---

பாறைமொழி | மார்ச் 14, 2019

நிலவியல் படிக்கிறேன், அதனால் நடுக்கம் பற்றிய கேள்விக்கு நான் முயல்கிறேன்.

லோம்போக்குக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலின் தட்டு வடக்கு நோக்கித் தீவுகளின் அடியில் இறங்குகிறது, அது எல்லோருக்கும் தெரிந்த பெரிய பள்ளம். போன வருஷம் நடுங்கியது அது இல்லை. தீவுக்கு வடக்கே கடலடியில் ஃபுளோரஸ் உந்துப்பிளவு என்று ஒரு நிலப்பிளவு ஓடுகிறது, அது தெற்கு நோக்கிச் சரிந்து தீவின் அடியிலேயே வருகிறது. அதனால்தான் வட லோம்போக்குக்கு நேர் கீழே அடி விழுந்தது. ஜூலை 29 அன்று 6.4 அளவு, ஆகஸ்ட் 5 அன்று 6.9, 19ஆம் தேதி பகலில் 6.3, இரவில் மறுபடி 6.9. புள்ளி ஐந்து கூடினால் அற்பம் என்று நினைக்க வேண்டாம், வெளிப்படும் ஆற்றல் ஐந்து மடங்குக்கு மேல் போய்விடும். நிலம் சில இடங்களில் 25 சென்டிமீட்டர் வரை உயர்ந்தது என்று செயற்கைக்கோள் அளவீட்டில் தெரிந்தது.

பின்னதிர்வுகள் நாளாக ஆக எண்ணிக்கையில் குறையும். குறையும் என்றுதான் சொல்கிறேன், நின்றுவிடும் என்று இல்லை. ஐந்தரை அளவில் ஒன்று இப்போதும் வரலாம், எந்த நாள் என்று உலகத்தில் யாராலும் சொல்ல முடியாது. ஆகஸ்ட் 5 அன்று சுனாமி எச்சரிக்கை விடுத்தார்கள், வந்த அலை 15 சென்டிமீட்டர்கூட இல்லை, எச்சரிக்கையை விலக்கிக்கொண்டார்கள். ஆனால் அடுத்த தடவையும் அப்படித்தான் இருக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. நீண்ட நேரம் பலமாகக் குலுங்கினால் சைரனுக்குக் காத்திராமல் மேட்டுக்குப் போவதுதான் முறை. டிராவங்கானில் தென்மேற்கே ஒரு குன்று இருக்கிறது, அன்று இரவு ஜனங்கள் ஏறியது அங்கேதான். மேனோவும் ஆயரும் தட்டை.

இறந்தவர்களில் பெரும்பாலோரைக் கொன்றது இடிந்து விழுந்த சுவர்கள். தூண், கம்பி இல்லாத செங்கல் சுவர் முதலில் விழும், மூங்கிலும் மரமும் ஆடிவிட்டு நிற்கும். அங்கே லும்புங் என்று நெற்குதிர் வடிவில் மர வீடுகள் வாடகைக்குக் கிடைக்கும், கூரை வளைந்து இறங்கும். அறை எடுக்கும்போது மாடிக் கட்டடத்தைவிட அதைப் பாருங்கள்.

தண்ணீருக்குள் இருந்தால்? நிலநடுக்கத்தில் ஆட்டம் காட்டுகிற குறுக்கலைகள் திரவத்தில் பரவாது. நெட்டலை மட்டும் தண்ணீரில் வரும், அது ஒலியைப் போன்றதுதான். அதனால் நீங்கள் குலுங்குவதைவிட அதிகமாகக் கேட்பீர்கள். முத்து அண்ணன் கேட்டிருப்பார்.

---

தூத்துக்குடி_முத்து | மார்ச் 15, 2019

கேட்டிருக்கிறேன், சின்னதுதான், பின்னதிர்வு. தலைக்கு மேலே பெரிய படகு ஒன்று எஞ்சினைப் போட்ட மாதிரி உறுமல், நெஞ்சுக்கூட்டில் உணரலாம். மேலே பார்த்தால் படகே இல்லை. அடியில் மணல் ஒரு சாண் அளவு புகை மாதிரி எழும்பி அடங்கியது, பாறையில் மேய்ந்துகொண்டிருந்த சின்ன மீன்கள் எல்லாம் ஒரே நொடியில் இடுக்குக்குள் மறைந்துவிட்டன. அவ்வளவுதான், சில விநாடி.

அந்த நேரத்தில் செய்யவேண்டியது பதறி மேலே பாய்வது இல்லை. அதுதான் உண்மையான ஆபத்து, மூச்சை அடக்கிக்கொண்டு வேகமாக ஏறினால் நுரையீரல் கெட்டுவிடும். செங்குத்துப் பாறை, சரிவு இவற்றிலிருந்து விலகுங்கள், டைவ் மாஸ்டரைப் பாருங்கள், வழக்கமான வேகத்தில் ஏறி, 5 மீட்டரில் மூன்று நிமிடம் நின்று, படகுக்கு வாருங்கள். பெரிய நடுக்கம் என்றால் படகு கரைக்கு ஓடாது, ஆழக்கடலில்தான் நிற்கும். சுனாமி கரையை நெருங்கும்போதுதான் உயரும், ஆழத்தில் அது கடந்துபோவதே தெரியாது. உங்கள் வீட்டம்மாவிடம் இதைச் சொல்லுங்கள்: அன்றைக்குத் தீவில் இருப்பவர்களைவிட எங்கள் படகில் இருப்பவர்களுக்குப் பயம் குறைவு.

---

பினாங்கு_சிவா | மார்ச் 18, 2019

நேற்றுச் செய்தி பார்த்தீர்களா? லோம்போக்கில் மறுபடி நடுக்கம், ஐந்தரை சொச்சம். செனாரு பக்கம் தியு கெலெப் அருவியில் மண் சரிந்து குளித்துக்கொண்டிருந்தவர்கள் மேல் விழுந்திருக்கிறது. எங்கள் மலேசியாக்காரர்கள் உட்படச் சிலர் இறந்துவிட்டார்கள். இங்கே காலையிலிருந்து வாட்சப்பில் இதே பேச்சுதான். என் தங்கை குடும்பம் அடுத்த மாதம் போவதாக இருந்தது, மாமியார் ஒரே பிடியாக நிற்கிறார்.

நான் அங்கே போயிருக்கிறேன், நிலநடுக்கத்துக்கு முன்னாடி. அழகான இடம்தான். ஆனால் போன வருஷம் அத்தனை முறை குலுங்கிய மலை, இது மழைக்காலக் கடைசி வேறு, மண் எல்லாம் இளகிக் கிடக்கும். ரிஞ்சானி மலையேற்றத்தையே இன்னும் திறக்கவில்லை, பாதை சரிந்ததால்தான். அப்படியிருக்க அதே மலையின் அடிவாரத்து அருவிக்கு மட்டும் ஏன் ஆளை விட்டார்கள் என்று எனக்குப் புரியவில்லை. ராகவன், கடலுக்குப் போவதானால் போங்கள். மலைப்பக்கம் எட்டிப் பார்க்காதீர்கள். ஏஜென்ட்டுகள் டைவிங்கோடு அருவி டூரையும் சேர்த்து விற்பார்கள், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

---

முகில்வண்ணன் | மார்ச் 18, 2019

இறந்தவர்களுக்கு அஞ்சலி.

முத்து எழுதியதைப் படித்தேன். படகோட்டி வீட்டுக் கணக்கு எனக்குத் தெரியாதது, ஒப்புக்கொள்கிறேன். முதலாளிகள் பற்றிச் சொன்னதிலிருந்து நான் இறங்கவில்லை. பெமெனாங்கில் ஒரு நாள் தங்குவது என்பது நல்ல யோசனை. அதையாவது செய்யுங்கள்.

---

ராகவன்_கோவை | மார்ச் 20, 2019

எல்லோருக்கும் நன்றி, குறிப்பாக முத்து அண்ணனுக்கு. மூன்று நாளாக வீட்டில் ஒரே விவாதம்.

17ஆம் தேதிச் செய்தி வந்ததும் அம்மா பேசவே இல்லை, அதுதான் திட்டுவதைவிடக் கஷ்டமாக இருந்தது. கடைசியில் மனைவிதான் பாறைமொழி எழுதியதையும் முத்து அண்ணன் எழுதியதையும் உட்கார்ந்து அவருக்கு வாசித்துக் காட்டினாள். படகில் இருந்தால் பயம் குறைவு என்ற வரியைக் கேட்டுவிட்டு அம்மா, 'அப்போ ராத்திரியும் படகிலேயே படுத்துக்கோங்க' என்றார். சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம்.

தேதியை மாற்றிவிட்டோம், கொஞ்சம் பணம் பிடித்துக்கொண்டார்கள். ஏப்ரல் 18 இங்கே ஓட்டுப் போட்டுவிட்டு 20 கிளம்பி 28 திரும்புகிறோம். உங்கள் ஊர்த் தேர்தலும் முடிந்துவிடும், பௌர்ணமி நீரோட்டமும் தணிய ஆரம்பித்திருக்கும். அருவி, மலை எதுவும் இல்லை. ஆயரில் மர வீடு பார்த்திருக்கிறோம், கடைசி இரவு கரையில். மூன்று சந்தேகம் மட்டும் பாக்கி. காப்பீடு எடுக்கும்போது சாதாரணப் பயணக் காப்பீடு போதுமா? கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் எவ்வளவு இடைவெளி விட வேண்டும், புதுச்சேரியில் சொன்னது மறந்துவிட்டது. அப்புறம் மனைவிக்கு சின்ன வயதில் வீசிங் இருந்தது, இப்போது இல்லை. டைவ் கடையில் தருகிற உடல்நலப் படிவத்தில் அதை எழுத வேண்டுமா?

---

தூத்துக்குடி_முத்து | மார்ச் 21, 2019

கடைசியிலிருந்து வருகிறேன். எழுத வேண்டும். சின்ன வயதில் இருந்ததானாலும் எழுதுங்கள், படிவத்தில் ஆம் என்று ஒரு டிக் விழுந்தால் டாக்டர் கையெழுத்து இல்லாமல் எந்த நல்ல கடையும் தண்ணீரில் இறக்காது. இங்கே வந்து டாக்டரைத் தேடி ஒரு நாளை வீணாக்காமல் கோவையிலேயே நெஞ்சு டாக்டரிடம் காட்டி, டைவிங்குக்குத் தகுதி என்று எழுதி வாங்கி வாருங்கள். மறைத்தால் போகிறது என்று சொல்கிறவர்கள் இருப்பார்கள், கேட்காதீர்கள்.

விமானத்துக்கு முன் 18 மணி நேரம் என்பது பல நாள் டைவ் செய்தவர்களுக்கான குறைந்தபட்சம். நீங்கள்தான் கடைசி இரவு கரையில் தங்குகிறீர்களே, அந்தக் கணக்கு தானாகவே நேராகிவிடும். ஆனால் அந்த இடைவெளியில் வண்டி பிடித்து செம்பாலுன் போகலாம் என்று யாராவது ஆசை காட்டினால் வேண்டாம், அது ஆயிரம் மீட்டருக்கு மேல் இருக்கிற ஊர், உடம்பைப் பொறுத்தவரை அதுவும் விமானம் ஏறுகிற மாதிரிதான்.

காப்பீடு: சாதாரணப் பாலிசிகள் பலவற்றில் ஸ்கூபா இருக்காது, இருந்தாலும் ஆழ வரம்பு போட்டிருப்பார்கள், சின்ன எழுத்தைப் படியுங்கள். டைவர்களுக்கென்றே டான் என்ற அமைப்பின் காப்பீடு உண்டு, பலர் அதைத்தான் எடுக்கிறார்கள். டைவில் அழுத்த மாற்றத்தால் உடம்பு கெட்டு, அழுத்த அறைச் சிகிச்சை என்று வந்தால் பாலியில் டென்பசார் மருத்துவமனைக்குப் படகில் கொண்டுபோவோம், அந்தச் செலவு கையிலிருந்து கொடுக்கிற செலவு இல்லை. நிலநடுக்கத்தால் பயணம் ரத்தானால் பணம் தருவார்களா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

21ஆம் தேதி காலை ஆழமில்லாத ஒரு டைவ் வைத்துக்கொள்வோம், காது எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு மற்றதை முடிவு செய்யலாம். சொந்த மாஸ்க் இருந்தால் கொண்டுவாருங்கள். வரும்போது ஒரு அரைக் கிலோ கருவாடு கொண்டுவர முடியுமா, சுங்கத்தில் பிடிப்பார்கள் என்றால் விடுங்கள், பருப்புப் பொடியாவது.